துவைக்காத சட்டை

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிட்டேன். அதை அணைத்தேன். காபி வைத்தேன். முந்தின நாள் ரொட்டியை நீளவாக்கில் கீறி, வெண்ணெய் தடவி, காபியில் தோய்த்துத் தின்றேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். படிக்கட்டின் அடியில் நிற்கும் இரட்டை சைக்கிளின் டயர்களைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, இரண்டுக்கும் காற்று அடித்தேன். இரண்டு பேர் ஏறும் அளவுக்கு அடித்தேன். பின் சீட்டில் யாரும் உட்காரப்போவதில்லை என்பது பம்பைக் கழற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. காற்றை இறக்கவில்லை.

மேலே போய் ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பையை எடுத்தேன்.

இறைச்சியை உறையவைக்கப் பயன்படுத்தும் சாதாரண ஜிப் பை. உள்ளே என் மனைவி மேலிஸின் சைக்கிள் சட்டை. நீல நிறம், மார்பில் மஞ்சள் பட்டை, முதுகில் எங்கள் ஊர் மோந்தோபானின் சைக்கிள் சங்கப் பெயர். இடது கையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். ஒரு மேட்டில் செயின் கழன்றது. மாட்டிவிட்டு, கிரீஸ் விரலால் சட்டைக் கையைப் பிடித்து வியர்வையைத் துடைத்தாள். அது அவள் போன கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பயணம். அந்த வாரமே வியாழக்கிழமை, வேலை செய்த மருந்துக்கடையில் வாடிக்கையாளருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கத் திரும்பியவள் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது முப்பத்தொன்று. அது போன செப்டம்பர்.

சட்டையை நான் துவைக்கவில்லை. எப்போதாவது பையைத் திறப்பேன். அடிக்கடி திறக்க மாட்டேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் வாசனை வெளியே போய்விடுகிறது.

அதைத்தான் இப்போது சக்கர மாதா கோயிலுக்குக் கொண்டுபோகிறேன். மேற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள சின்னக் கோயில். ஓடு போட்ட கூரை, ஒரே ஒரு மணி. சைக்கிள்காரர்கள் இறந்தால் அவர்களுடைய சட்டையை உள்ளே உத்தரத்தில் மாட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், செப்டம்பர் கடைசி ஞாயிறு, பூசை வைத்து, பெயரை வாசித்து, ஏணி போட்டு மாட்டுவார்கள். இந்த வருஷத்துக்கு மேலிஸின் பெயரைக் கொடுத்தது அவள் அம்மா ஒதில். என்னிடம் கேட்டாள். சரி என்றேன். அப்போது எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கஸ்நாவ் போன் செய்தார்.

“சட்டைய நல்லாத் துவைச்சுக் கொண்டாந்துருங்க தம்பி. தப்பா நெனைக்காதீங்க. ஒரு தடவ வேர்வையோட ஒண்ணு மாட்டிட்டோம். அந்துப்பூச்சி வந்து ஒரு வரிசையவே தின்னுட்டுப் போயிருச்சு. துவைக்காதத மேல ஏத்துறதில்லைன்னு அப்பவே முடிவு பண்ணிட்டோம்.”

அதற்கும் சரி என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒதில் கூப்பிட்டாள்.

“சட்டைய எடுத்து வெச்சுட்டியா?”

“வெச்சுட்டேன்.”

“துவைச்சியா?”

“துவைக்கணும்.”

“இங்க கொண்டா, நான் துவைச்சுத் தர்றேன். கார்லயே சேந்து போயிறலாம். அந்த நீள வண்டிய ஒத்தையாளா ஏன் இழுத்துக்கிட்டு அலையிற, எர்வான்? பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?”

“சைக்கிள்லயே வந்துர்றேன்.”

அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. “சரி. ஞாயித்துக்கிழம சட்ட அங்க இருக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்.”

துவைத்தால் மாட்டலாம். துவைக்காவிட்டால் ஒதிலின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வெள்ளியும் சனியும் வழியில் இருக்கின்றன, அதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்கென்று இருந்த சைக்கிளை, இரட்டை சைக்கிள் வாங்கியபோது விற்றுவிட்டேன். அதனால் இதில்தான் போக வேண்டும். முன்னால் இருப்பவன் ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவளுக்கு மிதிப்பதும் வேடிக்கை பார்ப்பதும்தான் வேலை. நேரே பார்த்தால் என் முதுகுதான் தெரியும் என்பதால் மேலிஸ் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வருவாள். எங்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது. அடுத்த ஊரின் மணிக்கூண்டை முதலில் பார்ப்பவர் சாப்பாட்டுக் கடையை முடிவு செய்யலாம். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். “கூண்டு!” என்று காதருகே ஒரு கத்து. எத்தனை தடவை கேட்டாலும் ஹேண்டில்பார் ஒருமுறை ஆடிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை கால்வாய்க் கரையில் மரங்களுக்கு மேல் முவாசாக்கின் மணிக்கூண்டு வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊருக்குள் போய் மடாலய வாசலில் நிறுத்தினேன். நடுத்தூணில் சிங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஏறி நிற்கும். தூணின் பக்கவாட்டில் எரேமியா தீர்க்கதரிசி, கழுத்தைச் சாய்த்து, காலைப் பின்னிக்கொண்டு நிற்பார். “பின் சீட்லயே உக்காந்து கழுத்து புடிச்சுக்கிட்டவன் மாதிரி இருக்காரு, பாவம்” என்பாள் மேலிஸ். அவருக்கு இன்னும் கழுத்து பிடித்துத்தான் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆளில்லாத பின்சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளியது. காற்றை அப்போதாவது இறக்கியிருக்கலாம்.

ஒவிலாரில் மேடு. மூச்சு வாங்க மேலே ஏறினால், வட்டச் சந்தை மண்டபத்தின் பக்கத்தில் கிழவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து ஆளைக்கூடப் பார்க்காமல், சைக்கிளின் நீளத்தை மட்டும் வைத்தே கத்தினார்.

“ஏ தம்பி! பின்னாடி அம்மா மிதிக்கவே இல்லப்பா!”

இரட்டை சைக்கிளைப் பார்த்தால் இந்த நாட்டில் எல்லோரும் சொல்வது இதுதான். பள்ளிப் பிள்ளைகள், தபால்காரர், டிராக்டரில் போகிறவர், ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரீ. எல்லோரும் தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். மேலிஸ் சளைக்காமல் பதில் கொடுப்பாள். “நான் சும்மாத்தான் உக்காந்துருக்கேன்! இவரு இன்னும் கண்டுபுடிக்கல!” என்பாள். நான் அதைக் கேட்காத மாதிரி மிதிக்க வேண்டும். அதுதான் என் பங்கு.

கிழவர் இப்போது நிமிர்ந்தார். “அட, ஆளையே காணோம்! எந்த மேட்டுலப்பா எறக்கி விட்டீங்க?”

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

“கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க போல” என்றார் தொப்பி போட்ட இன்னொருவர். “போறப்ப பொட்டிய எடுத்துட்டுப் போனாங்களா, விட்டுட்டுப் போனாங்களா?”

“விட்டுட்டுத்தான் போனா.”

“அப்பக் கவலைய விடுங்க. எங்க வீட்டுக்காரி நாலு தடவ போனா. பொட்டி இங்க இருந்தா ஆளு திரும்பி வந்துரும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள். நானும் தலையாட்டினேன். பிறகு ஆற்றை நோக்கி இறக்கம். இறக்கத்தில் அந்த சைக்கிள் தனியாகவே ஓடும்.

அன்றிரவு லெக்தூரில் கூடாரம் போட்டுப் படுத்தேன். பையைத் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை மறுபடி காபி, ரொட்டி, டயர். பூண்டு வயல்கள் உழுதுகிடந்தன. அறுக்காமல் விட்ட சூரியகாந்திகள் கறுத்துத் தலைகவிழ்ந்து நின்றன. லா ரொமியூவின் இரண்டு கோபுரங்கள் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும்; அதைப் பந்தயத்தில் சேர்க்கக்கூடாது என்று எங்களுக்குள் விதி இருந்தது. அங்கே நிறுத்தவில்லை. மதியம் ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றேன். அன்று முழுவதும் நான் பேசியது ரொட்டிக்கடையில் மட்டும். “ஒண்ணு” என்றேன். பிறகு “நன்றி” என்றேன்.

கோயிலுக்கு முந்தின ஊரில் ஜோசியான் என்கிற அம்மாள் சைக்கிள்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறாள். கணவர் மார்சியால் பழைய சைக்கிள் பந்தயக்காரர். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் முற்றத்தில் இருந்தது.

“வாங்க தம்பி. வண்டியக் கொட்டாயில விடுங்க. ஷூவ வெளியிலேயே கழட்டிருங்க, இப்பத்தான் தரை தொடச்சேன்.” சொல்லிக்கொண்டே பின் சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நாளைக்குப் பூசைக்குத்தானே?”

“ஆமா.”

“குளிச்சுட்டு வாங்க. இருட்டுறதுக்குள்ள சூப் ஆயிரும்.”

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் சிலுவை. கதவைச் சாத்திவிட்டுப் பையைத் திறந்தேன். சட்டையை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டேன். வியர்வை, வெயிலுக்குப் பூசும் களிம்பு, அதற்கு அடியில் அவள். போன மாதத்தைவிடக் குறைவுதான். ஆனால் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறையின் தொட்டியருகே சோப்பு இருந்தது. ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று ஒதிலிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். கஸ்நாவிடம் துவைத்தது என்று பொய் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். அந்துப்பூச்சி வரும். மற்றவர்களின் சட்டைகளையும் தின்னும். கடைசியில், கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் உடம்பு கொஞ்சம் லேசானது. சட்டையை அங்கேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்ச் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். மார்சியால் வந்து நின்று பிரேக்கைப் பற்றி ஏதோ பேசினார். வெகுநேரம் பேசினார்.

முற்றத்துக்கு வந்தபோது கொடியில் இரண்டு வெள்ளைப் போர்வைகள் தொங்கின. அவற்றுக்கு நடுவில் நீலச் சட்டை. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஜோசியான் கல்தொட்டியருகே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“துண்டு வைக்க வந்தேன், நாற்காலியில கெடந்துச்சு. நாளைக்கு மாட்டுறதுதானே? எப்பவும் நான்தான் துவைச்சுக் குடுக்கிறது. மெஷின்ல போட மாட்டேன், கையாலதான். கையில ஒரு கறை இருந்துச்சு பாருங்க, கிரீஸு. விடவே மாட்டேன்னுச்சு. பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுத் தேச்சேன், சுத்தமாப் போயிருச்சு!”

சட்டையின் அருகே போனேன். இடது கையில் ஒன்றும் இல்லை. நீலம் மட்டும்தான். முகத்தை அருகில் கொண்டுபோனேன். மார்செய் சலவை சோப்பின் வாசனை.

“நன்றி” என்றேன்.

“அதெல்லாம் எதுக்கு. தெற்குக் காத்து அடிக்குது, காலையில காஞ்சிரும்.”

அறைக்குப் போனேன். கட்டிலின் மேல் ஜிப் பை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதையும் திறந்து மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது.

சூப் சாப்பிடக் கூப்பிட்டார்கள். முட்டைக்கோசும் வாத்தும் போட்ட சூப். மார்சியால் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தையே தூக்கிக் குடித்தார். என் கிண்ணத்திலும் ஊற்றினார்.

“குடிங்க தம்பி. சைக்கிள்காரன் தண்ணி குடிச்சா துருப்புடிச்சிருவான்.”

“சும்மா இருங்க” என்றாள் ஜோசியான். “போன வருஷமும் இதையே சொன்னாரு, அதுக்கு முந்தின வருஷமும் இதையே சொன்னாரு. தம்பி, இன்னும் கொஞ்சம் ரொட்டி? மூஞ்சி வாடிப் போயிருக்கு. ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்களே.”

சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

“அதுல அவ வாசன இருந்துச்சு.”

“எதுல?”

“சட்டையில. ஒரு வருஷமா மூடி வெச்சுருந்தேன்.”

மார்சியால் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஜோசியான் கையில் ரொட்டிக் கத்தி அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியைப் பார்த்தாள்.

“எல்லாரும் துவைக்காமத்தான் கொண்டாருவாங்க” என்றாள். “ஆம்பளைங்க, பொம்பளைங்க, எல்லாரும். நான் நெனைச்சேன், பாவம், துக்கத்துல துவைக்க மறந்துட்டாங்கன்னு.”

ரொட்டிக் கத்தியை மேசையில் வைத்தாள்.

“யாருமே சொல்லலியே. போன வருஷம் ஒரு அம்மா வந்துச்சு, மகனோட சட்ட. கொடியில பாத்துட்டு என் கையப் புடிச்சுக்கிச்சு. நன்றின்னு சொல்லிச்சு. அத்தன பேரும் நன்றின்னுதானே சொன்னாங்க. ஏங்க, அத்தன பேரும் நன்றின்னுதானே சொன்னாங்க?”

“ஜோசியான்” என்றார் மார்சியால்.

“நீங்களாவது திட்டுங்க தம்பி. ஏதாச்சும் சொல்லுங்க.”

எனக்குத் திட்ட வரவில்லை. அழவும் வரவில்லை. “கோயில்ல எப்படியும் துவைக்கச் சொன்னாங்க” என்றேன். அது உண்மைதான். அவள் எழுந்து தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி கலைத்து அடுக்கினாள்.

காலையில் சட்டையை மடித்துக் கொண்டுவந்து தந்தாள். “தேய்க்கல” என்றாள். நான் காபி குடித்தேன். ரொட்டி தின்றேன். பின் டயரின் வால்வை அமுக்கி, பாதிக் காற்றை இறக்கினேன். சட்டையை ஜிப் பையில் போடவில்லை. முன்பக்கப் பையில் வரைபடத்தின் மேல் வைத்தேன்.

கோயிலைச் சுற்றிலும் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. உள்ளே மெழுகும் பழந்துணியும் கலந்த வாசனை. உத்தரங்களில் வரிசை வரிசையாகச் சட்டைகள், பழைய கம்பளி ஒரு பக்கம், புதிய வழுவழுப்பான துணி ஒரு பக்கம். வாசல் திறந்திருந்ததால் காற்றில் சட்டைக் கைகள் லேசாக ஆடின. ஒதில் கறுப்புக் கோட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். ஜோசியானும் மார்சியாலும் கடைசி வரிசையில் நின்றார்கள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோசியான் மட்டும் தரையைப் பார்த்தாள்.

ஒதில் சட்டையைக் கையில் வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள்.

“நல்லாத் துவைச்சுருக்க.”

“நான் துவைக்கல.”

அது அவள் காதில் விழவில்லை. கஸ்நாவ் ஏணியோடு வந்தார். “துவைச்சதுதானே?” என்றார். நான் தலையாட்டினேன். பாதிரியார் பெயரை வாசித்தார். “மேலிஸ் லபோர்த், மோந்தோபான்.” கஸ்நாவ் ஏறி, சட்டையை ஒரு மரக்கொக்கியில் மாட்டி, தோள்களை இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தார். இறங்கினார். அவ்வளவுதான். கீழேயிருந்து பார்த்தால் எல்லா நீலமும் ஒரே நீலம்.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே ஒயினுக்குப் போன பிறகும் ஒதில் பெஞ்சிலிருந்து எழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கைப்பையிலிருந்து மேலிஸின் நினைவு அட்டையை எடுத்தாள். அதில் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: “சனிக்கிழமை சாலை நமக்காகக் காத்திருக்கிறது.” அடக்கத்துக்கு முந்தின நாள், கடைசியாக மேலிஸ் என்ன சொன்னாள் என்று ஒதில் வீட்டார் என்னிடம் கேட்டார்கள். சனிக்கிழமைப் பயணத்தைப் பற்றித்தான் பேசினாள் என்றேன். அவர்கள் அதை வரியாக்கி அச்சடித்துவிட்டார்கள். ஒதிலுக்கு அந்த வரி பிடித்திருந்தது. அன்றிலிருந்து எப்போது பார்த்தாலும் கேட்பாள், நானும் அட்டையில் இருப்பதையே சொல்வேன்.

“இன்னொரு தடவ சொல்லு, எர்வான்” என்றாள். “அன்னிக்குக் காலையில. வாசல்ல நின்னு. அப்படியே அவ சொன்ன மாதிரி.”

மேலே பார்த்தேன். காற்றில் சட்டையின் இடது கை ஆடிக்கொண்டிருந்தது. மேலிஸ் அந்த வியாழக்கிழமை காலை கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறை ஒதிலிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அந்த நீலச் சட்டையத் துவைச்சுப் போட்டுரு, மறந்துராத. நாறுது. சனிக்கிழமைக்கு வேணும்.”